ஸ்பிரிங் கம்ப்ரசர்: எந்த ஸ்பிரிங்குக்கு எந்தக் கருவி?

காரின் முன்பக்க ஷாக் அப்சார்பரைத் தாமே மாற்றத் துணிந்தவருக்கு, ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்த தூணை, கழற்றித் தரையில் கிடத்தும் வரை வருபவை எல்லாம் வழக்கமான ஸ்பேனர் வேலைகள்தாம். துருவேறிய போல்ட் ஒன்று அடம்பிடிக்கலாம், பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப் ஒன்று உடையலாம். பொறுமையும் துருநீக்கித் தெளிப்பும் இருந்தால் இரண்டையும் கடந்துவிடலாம். அதற்கு அடுத்த கட்டத்தில், ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் ஒற்றை நட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் காயில் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்தால்தான் வேலை நகரும். அந்தப் பிடியை எந்த வகை ஸ்பிரிங் கம்ப்ரசரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கு, கடையில் எது மலிவாகக் கிடைக்கிறது என்பதையோ பெட்டியின் மேல் எத்தனை டன் என்று அச்சிட்டிருக்கிறது என்பதையோ வைத்துப் பலர் விடை காண்கிறார்கள். என் அனுபவத்தில், ஸ்பிரிங்கின் வடிவமும் அது வண்டியில் அமர்ந்திருக்கும் விதமும்தான் அந்தக் கேள்விக்கு விடை சொல்கின்றன. மற்றவை அதற்குப் பின்னால் வருபவை.

முதலில் எதைக் கையாளுகிறோம் என்பதை எண்களில் பார்த்துவிடுவது நல்லது. ஒரு மில்லிமீட்டர் அழுத்துவதற்கு 25 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரணப் பயணிகள் காரில் இது அபூர்வமான அளவு இல்லை. அதை அதன் இயல்பான நீளத்திலிருந்து 100 மில்லிமீட்டர் அழுத்தினால் அது 2,500 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 255 கிலோ பளுவுக்கு ஈடாகத் திருப்பித் தள்ளும். உள்ளே தேங்கும் ஆற்றல் 125 ஜூல். அதையே 150 மில்லிமீட்டர் அழுத்தினால் விசை 3,750 நியூட்டனாக, ஒன்றரை மடங்காகத்தான் உயர்கிறது, ஆனால் தேங்கும் ஆற்றல் 280 ஜூலுக்கு மேல் போய்விடுகிறது. 29 கிலோ இரும்பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டால் எவ்வளவோ அவ்வளவு. அழுத்தும் தூரத்தின் இருமடிப்பெருக்கமாக ஆற்றல் ஏறுவதால், தேவைக்கு மேல் அழுத்தும் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் மிகவும் ஆபத்தானது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாக நான்கு சுற்று முறுக்குபவர் பாதுகாப்பைக் கூட்டவில்லை. கருவியின் மேல் பாரத்தைத்தான் கூட்டுகிறார்.

சந்தையில் மிகப் பரவலாகக் கிடைப்பது கொக்கி வகை. நீண்ட மரைத்தண்டு ஒன்றில் மேலும் கீழும் ஒரு கொக்கி. இப்படி இரண்டு தண்டுகள் சேர்ந்தது ஒரு ஜோடி. ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் எதிரெதிராக மாட்டி, தண்டின் தலையில் சாக்கெட் வைத்து மாறி மாறி முறுக்கினால் கொக்கிகள் நெருங்கி ஸ்பிரிங் சுருங்கும். சிறியது, எடை குறைந்தது, பல அளவு ஸ்பிரிங்குகளுக்கு ஒத்துவருவது. இரவல் கொடுக்கும் கடைகளிலும் பெரும்பாலும் இதுவே இருக்கும். விபத்து பற்றி யார் பேசினாலும் பெரும்பாலும் வந்து நிற்பதும் இந்த வகையில்தான், அதற்குக் காரணங்கள் இதன் அமைப்பிலேயே இருக்கின்றன.

ஸ்பிரிங்கின் கம்பி சரிவாக ஏறிச் செல்வது. அதன் மேல் மாட்டிய கொக்கி, பாரம் ஏற ஏற, அந்தச் சரிவில் வழுக்கிப் பக்கவாட்டில் நகரப் பார்க்கும். ஒரு தண்டுக்கும் மற்றொரு தண்டுக்கும் எந்தப் பிணைப்பும் இல்லாததால் இரண்டும் மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நகர்ந்துவிட்டால், அந்தப் பக்கம் சுருங்கி எதிர்ப்பக்கம் புடைத்து ஸ்பிரிங் வாழைப்பழம் போல் வளையும். வளைந்த ஸ்பிரிங் கொக்கியை மேலும் தள்ளும். தள்ளத் தள்ள வளைவும் கூடும். இந்தச் சுழற்சி ஒரு கட்டத்தைத் தாண்டினால் அப்புறம் கையால் தடுக்க ஒன்றுமில்லை. இன்னொரு பலவீனம், கொக்கியின் வாய் தண்டின் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி இருப்பது. இழுவிசை நேராக இறங்காமல் தண்டை வளைக்கவும் செய்கிறது. பழைய கருவி ஒன்றை வாங்கிக் கண்ணாடி மேசையின் மேல் உருட்டிப் பார்த்தால், தண்டு ஆடி ஆடி உருள்வதில் இது தெரிந்துவிடும்.

நான் முதன்முறை இதைப் பயன்படுத்திய அன்று நடந்தது நினைவில் இருக்கிறது. இரண்டு கொக்கிகளையும் சரியாக எதிரெதிரே மாட்டியதாகத்தான் எண்ணியிருந்தேன். முக்கால்வாசி முறுக்கிய பிறகு எழுந்து நின்று மேலிருந்து பார்த்தபோது, கடிகார முகத்தில் பன்னிரண்டும் ஆறுமாக இருந்தவை பன்னிரண்டும் நான்கரையுமாக மாறியிருந்தன. ஸ்பிரிங்கின் பூச்சில் கொக்கி நகர்ந்த தடம் நகக்கீறல் போல் பளபளத்தது. அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட முறுக்காமல், ஒவ்வொரு தண்டையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வந்ததில் அரை மணி நேரம் போனது. ஒரு பக்கம் உட்கார்ந்தபடியே வேலை செய்ததால் மறுபக்கக் கொக்கி எனக்குக் கடைசிவரை தெரியவே இல்லை என்பதுதான் அன்று செய்த தவறு.

கொக்கி வகைக்குள்ளேயே தரத்தில் நிறைய ஏற்றத்தாழ்வு உண்டு. வாய் ஒன்றுக்கு இரண்டு விரல்களாகப் பிரிந்து கம்பியை இரண்டு இடங்களில் பற்றும் கொக்கி, ஒற்றை விரல் கொக்கியைவிடக் குறைவாகவே வழுக்கும். கம்பியை வாய்க்குள் அடைத்து வெளியே வரவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசியோ தாழ்ப்பாளோ இல்லாத கருவியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது; இருந்த ஊசி தொலைந்துபோன இரவல் கருவியும் அப்படித்தான். மரையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண போல்ட்டில் உள்ளது போன்ற கூர்மையான மெல்லிய மரையைவிட, தட்டையான உச்சியுடைய தடித்த மரை பாரத்தின் கீழ் நன்றாகத் தாங்கும். தண்டின் தலைக்குக் கீழே உருளைப் பேரிங் வைத்திருந்தால் முறுக்குவதற்குப் பாதி உழைப்புப் போதும், ஏதேனும் தவறாகப் போனால் அதைக் கையிலேயே உணரவும் முடியும்.

இதற்கு அடுத்த படியில் இருப்பது நுக வகை. மாட்டின் கழுத்தில் நுகம் அமர்வது போல, அரைவட்டமான இரும்புப் பிடி ஒன்று மேல்சுற்றையும் மற்றொன்று கீழ்ச்சுற்றையும் தழுவிக்கொள்ள, இரண்டு பிடிகளையும் இரு மரைத்தண்டுகள் ஒரே சட்டமாக இணைக்கின்றன. தண்டுகளுக்கு இடையிலான தூரம் மாறவே முடியாது என்பதால் கொக்கிகள் ஒரே பக்கமாக நகரும் பிரச்சினை அடியோடு இல்லாமல் போகிறது. கம்பியை ஒரு புள்ளியில் கடிக்காமல் சுற்றளவின் பெரும்பகுதியில் தாங்குவதால் பூச்சும் கெடுவதில்லை. பூச்சு கெடுவது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் காயில் ஸ்பிரிங் முறிவதற்கு முக்கியமான வழிகளில் ஒன்று, கீறல் விழுந்த இடத்தில் துரு பிடித்து அங்கிருந்து விரிசல் ஓடுவதுதான். ஆக, இன்று கொக்கி போட்ட கீறல் சில மழைக்காலங்கள் கழித்து முறிவாக வெளிப்படலாம்.

நுக வகையின் குறைபாடு அதன் பிடிவாதம். ஒவ்வொரு பிடியும் குறிப்பிட்ட விட்ட அளவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைத்தான் ஏற்கும். சுற்றுகளுக்கு இடையே பிடி நுழைய இடைவெளி வேண்டும். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் இருக்கும் ஸ்பிரிங்கில் நெருக்கமான முனைக்கு இது போகாது. பீப்பாய் போல் நடுவில் பருத்த ஸ்பிரிங்கிலும் தேடித்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். வாங்குவதற்கு முன் ஸ்பிரிங்கின் வெளிவிட்டம், கம்பியின் தடிமன், சுற்றுகளின் இடைவெளி ஆகிய மூன்றையும் அளந்து வைத்துக்கொண்டால் திருப்பிக் கொடுக்கும் அலைச்சல் மிச்சமாகும். இடமும் அளவும் ஒத்துவந்தால், வீட்டில் வேலை செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். கொக்கி ஜோடியைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதலை ஒரே ஒரு முறை அமைதியாக வேலை முடித்தவர் பெரிதாகப் பேசமாட்டார்.

உட்புற வகை என்று ஒன்று உண்டு. இதைப் பற்றிய குழப்பம்தான் அதிகம். ஒற்றை மரைத்தண்டு ஸ்பிரிங்கின் நடுக்கோட்டில் செல்ல, சுற்றுகளுக்கு இடையே செருகிய இரண்டு தட்டுகளை அது ஒன்றையொன்று நோக்கி இழுக்கிறது. விசை சரியாக மையத்திலேயே இறங்குவதால் வளைவுக்கு வழியே இல்லை; தத்துவத்தில் இதுவே மிகச் சீரானது. ஆனால் எர்ல் மக்பெர்சன் என்ற பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும், இன்று பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரட்டில், ஷாக் அப்சார்பரே ஸ்பிரிங்கின் நடுவே நிற்கிறது. தண்டு செல்ல வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஆள் குடியிருப்பதால் இந்தக் கருவி அங்கே பயன்படாது. ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் நிற்கும் அமைப்புகளுக்கே இது உரியது: பல கார்களின் பின்பக்கம், சக்கரத்தை மேலும் கீழும் ஒவ்வொரு கை தாங்கும் இரட்டை விஷ்போன் அமைப்புள்ள சில வண்டிகள், 1980களின் மெர்சிடீஸ் பென்ஸ் கார்களின் முன்பக்கம் போன்றவை. அத்தகைய வண்டிகளில் கீழ்க்கையை ஜாக்கியால் தாங்கி மெல்ல இறக்கி ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பின்பக்கத்துக் குட்டை ஸ்பிரிங்குகள் சிலவற்றில் தயாரிப்பாளரின் கையேடே அந்த முறையைச் சொல்கிறது. கையேடு சொல்லாத இடத்தில், முழு அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்குக்குச் சக்கரம் வைத்த ஜாக்கி ஒன்றை மட்டும் காவல் வைப்பது சரியாகாது.

பட்டறைகளில் சுவரிலோ தரையிலோ பொருத்தியிருக்கும் நிலையான கம்ப்ரசர் மற்ற எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது. ஸ்ட்ரட்டை நிமிர்த்தி வைத்து, மேல்கைகளும் கீழ்க்கைகளும் ஸ்பிரிங்கைப் பற்றிக்கொள்ள, திருகோ காற்றழுத்தமோ வேலையைச் செய்கிறது. முறுக்குபவரின் கையும் முகமும் தள்ளியே இருக்கின்றன. காற்றிலோ எண்ணெய் அழுத்தத்திலோ இயங்குபவற்றில், அழுத்தம் கசிந்தாலும் நகராதபடி இயந்திரப் பூட்டு ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மாதத்துக்குப் பல ஸ்ட்ரட்டுகள் பிரிப்பவருக்கு இதை விட்டு வேறொன்றை யோசிப்பதே வீண். வாழ்நாளில் இரண்டு முறை செய்யப்போகிறவருக்கு இதை வாங்குவது பொருத்தமில்லை, ஆனால் இதைப் பயன்படுத்திக்கொள்ள வழி இருக்கிறது. ஸ்ட்ரட்டைத் தாமே கழற்றி, புது ஷாக் அப்சார்பரோடு பட்டறைக்கு எடுத்துச் சென்று, ஸ்பிரிங்கை மாற்றும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் அங்கே செய்து வாங்கிக்கொண்டு, திரும்ப வந்து தாமே பொருத்தலாம். பதினைந்து நிமிட வேலைக்கு உரிய கூலியோடு முடிந்துவிடும் இந்த நடுவழி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறது என்று எனக்கு இன்றும் வியப்புண்டு.

ஸ்பிரிங், ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டியின் உடலோடு பிணைக்கும் மேல் மவுண்ட், பேரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் கோத்து முழுதாக விற்கப்படும் ஸ்ட்ரட்டை வாங்கினால் கம்ப்ரசரே வேண்டாம். பழைய ஸ்பிரிங் துருவேறியிருந்தாலோ மவுண்டும் தேய்ந்திருந்தாலோ கணக்கும் இதற்கே சாதகமாக வரும். ஆனால் இப்படி வரும் ஸ்பிரிங்கின் விறைப்பும் உயரமும் மூல ஸ்பிரிங்கோடு ஒத்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றாவிட்டால் வண்டி ஒருபுறம் சாய்ந்து நிற்கலாம். நல்ல ஸ்பிரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரம் தெரியாத ஸ்பிரிங்கை ஏற்பதா என்பதை ஒவ்வொருவரும் தம் வண்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவை எதிலும் சேராதவற்றையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: சரக்கு கட்டும் பட்டை, முறுக்குக் கம்பி, கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மரைத்தண்டில் பற்றவைத்த தகடு ஆகியவை ஸ்பிரிங் கம்ப்ரசர்கள் ஆகா.

இத்தனைக்குப் பிறகும் பலர் கையில் இருக்கப்போவது கொக்கி ஜோடிதான் என்பதால், அதைப் பயன்படுத்தும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவி சொந்தமானதோ இரவலோ, முதலில் இரு தண்டுகளையும் துணியால் துடைத்து, மரை முழுவதையும் விரல் நகத்தால் தடவிப் பார்த்து, நட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறும் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கேனும் இறுகினால் அங்கே மரை சிதைந்திருக்கிறது அல்லது தண்டு வளைந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் மரைக்கு கிரீஸ் தாராளமாகத் தடவலாம். கொக்கியின் உட்புறத்திலோ ஸ்பிரிங்கின் மேலோ ஒரு துளி கிரீஸும் படக்கூடாது. அங்கே உராய்வுதான் நமக்குத் துணை. ஸ்பிரிங்கில் சேறும் துருச்செதிளும் இருந்தால் அதையும் தேய்த்து நீக்கிவிட வேண்டும். அப்படித் தேய்க்கும்போது கம்பியில் விரிசலோ, முனையில் முறிந்த துண்டோ தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த ஸ்ட்ரட்டை நிலையான கம்ப்ரசர் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதே சரி.

கொக்கிகள் எத்தனை சுற்றுகளைத் தழுவ முடியுமோ அத்தனையையும் தழுவ வேண்டும். நடுவில் இரண்டு மூன்று சுற்றுகளை மட்டும் பிடித்து அழுத்தினால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், ஸ்பிரிங்கோ இன்னும் மவுண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரு தண்டுகளும் நேர் எதிரே அமைந்தபின், சாக்பீஸால் கம்பியில் கொக்கியின் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டுவிடுவது என் வழக்கம். கொக்கி ஒரு நெல்மணி அளவு நகர்ந்தாலும் அந்தக் கோடு சொல்லிவிடும். ஸ்ட்ரட்டைத் தரையில் படுக்கவைத்து, அதன் இரு முனைகளும் ஆளில்லாத பக்கங்களைப் பார்க்கும்படி அமைத்து, பக்கவாட்டில் இருந்து வேலை செய்ய வேண்டும். தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஒரு தண்டில் இரண்டு சுற்று, மறுதண்டில் இரண்டு சுற்று என்று ராட்செட்டால் மாறி மாறி முறுக்குவதுதான் முறை. கருவியைச் செய்தவர் வெளிப்படையாக அனுமதித்திருந்தால் ஒழிய தட்டித் தட்டி வேகமாக முறுக்கும் இம்பாக்ட் கன்னை இந்தத் தண்டில் வைக்கக் கூடாது. அதன் வேகத்தில் மரை சூடேறிக் கடித்துக்கொள்ளும். இறுக்கம் கூடுவதைக் கை உணர்வதற்கும் வாய்ப்பிருக்காது. ஐந்தாறு முறை முறுக்கியதும் எழுந்து எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்து, சாக்பீஸ் கோட்டையும் ஸ்பிரிங் நேராக நிற்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். ஸ்பிரிங் அடித்தட்டிலோ மேல் தட்டிலோ சற்றே தளர்ந்து, கையால் அசைத்தால் அசையும் நிலை வந்தவுடன் நிறுத்திவிடலாம். அந்த அசைவைக் காணும் வரை உச்சி நட்டின் மேல் ஸ்பேனரே படக்கூடாது என்பது இந்த வேலையில் விதிவிலக்கில்லாத விதி. நட்டைக் கழற்றும்போது ஷாக் அப்சார்பரின் தண்டும் கூடவே சுழலும் என்பதால், அதன் நுனியை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். பளபளப்பான தண்டை இடுக்கியால் பற்றிக் கீறிவிட்டால் அதன் எண்ணெய்ச் சீல் சீக்கிரமே ஒழுகத் தொடங்கும்.

அழுத்திய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும், பாகம் வாங்கக் கடைக்குப் போவதும், ராத்திரி முழுக்க விட்டுவைப்பதும் கூடாது. அதனால்தான் புது மவுண்ட், ஷாக் அப்சார்பர் முழுதாக அமுங்கி முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப், தூசுக் கவசம், புது நட்டு ஆகிய எல்லாவற்றையும் முறுக்கத் தொடங்கும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை எல்லாம் கோத்து, நட்டையும் இறுக்கி, கம்ப்ரசரையும் தளர்த்தி நிமிர்ந்தபோது தூசுக் கவசம் மேசையின் மேல் அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ரப்பர் குழலுக்காக மொத்த வேலையையும் மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

திரும்பக் கோக்கும்போது ஸ்பிரிங்கின் கீழ்முனை, அடித்தட்டில் அதற்கென்று வைத்திருக்கும் தடுப்பில் போய் அணைந்து நிற்கிறதா என்று பார்ப்பது முக்கியம். முனை தடுப்பின் மேல் ஏறி அமர்ந்திருந்தால், வண்டி ஓடத் தொடங்கியதும் ஒருநாள் சத்தத்தோடு கீழே விழுந்து அமரும், உயரமும் மாறும். உச்சி நட்டை டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கிய பிறகே தண்டுகளைத் தளர்த்த வேண்டும். அதையும் இறுக்கிய அதே நிதானத்தோடு, மாறி மாறி, இரண்டு இரண்டு சுற்றாகத்தான் செய்ய வேண்டும். வேலை முடிந்த நிம்மதியில் ஒரு பக்கத்தை மட்டும் சரசரவென்று தளர்த்துவது, முறுக்கும்போது ஒரு பக்கமாக முறுக்குவதற்குச் சமமான தவறு. ஸ்ட்ரட்டை வண்டியில் ஏற்றியபின் சக்கரக் கோணங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். குறிப்பாக ஸ்ட்ரட்டின் அடி போல்ட்டுகளில் நகர்வு இருக்கும் வண்டிகளில், கழற்றும் முன் போட்டுவைத்த குறிகள் உதவும் என்றாலும் அவை அளவீட்டுக்கு ஈடாகா.

கருவியைத் திரும்பப் பெட்டியில் வைக்கும்போதும் தண்டை ஒரு முறை உருட்டிப் பார்த்துவிடுகிறேன். சென்ற ஆண்டு அப்படிப் பார்த்ததில், என் பழைய கொக்கி ஜோடியில் ஒரு தண்டு லேசாக ஆடி உருண்டது. அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், இன்னொருவர் எடுத்து இன்னொரு முறை முயன்று பார்த்துவிடக் கூடாதே என்பதற்காக, இரண்டு தண்டுகளையும் நடுவில் அறுத்துத்தான் போட்டேன்.